ஒரு சங்கிலி தூரம்

மார்ச் 4, செவ்வாய்

நாற்காலி எடுத்துப் போடுகிற வேலை மட்டும் எனக்காம்! ஏன்டா கட்டையா, தெரியாமல்தான் கேட்கிறேன், கூட்டத்தில் நாலு வார்த்தை பேச எனக்கு வாய் இல்லையா? இல்லை, கடவுள் உனக்கு மட்டும்தான் வாயை வைத்து அனுப்பினாரா? அஞ்சாவது படித்தவன் ஆபீசர் முன்னால் எழுந்து நின்றால் கூட்டம் சிரிக்குமாம். சிரிக்கட்டுமே! சிரிக்க வைப்பது என்ன கொலைக் குற்றமா? நீ மட்டும் என்னத்தைக் கிழித்தாய், எட்டாவது. மூன்று வகுப்பு கூடப் படித்ததற்கா இவ்வளவு அலட்டல்?

இதையெல்லாம் அவன் முகத்துக்கு நேராகக் கேட்டிருக்க வேண்டும். முடியவில்லை. மருமகள் பக்கத்தில் நின்றாள். அவளைப் பெற்ற அப்பன்தான் கட்டையன். எனக்குச் சம்பந்தி. அவள் எதிரே நாங்கள் இரண்டு பேரும் "வாங்க சம்பந்தி, உட்காருங்க சம்பந்தி" என்று தேன் ஒழுகப் பேசுவோம். அவள் அந்தப் பக்கம் போனால் அவன் கட்டையன், நான் நெட்டை. கல்யாணத்துக்கு வெகுகாலம் முன்பிருந்தே அப்படித்தான்.

அதனால் விழுங்கிக்கொண்டு வந்து இதில் எழுதுகிறேன். மருமகள் மருந்துக்கடையில் வேலை செய்கிறாள். அங்கே கொடுத்த டைரி இது. ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் இருமல் மருந்து விளம்பரம். எனக்கு இருமல் இல்லை. வயிற்றெரிச்சல்தான்.

விஷயம் இதுதான். டவர் லைன் வருகிறது. நாலு லட்சம் வோல்ட்டாம். வாய்க்காலுக்கு இந்தப் பக்கம், எங்கள் வீட்டு வரிசைக்கு முன்னால் வருகிறது. மொத்தம் இருபத்திரண்டு வீடு. வாய்க்காலைப் பார்த்த முதல் வீடு எங்களுடையது, கட்டையன் வீடு எட்டாவது. அக்கரையில் ஒரு கோழிக்கூடு கூட இல்லையே, அங்கே போனால் என்ன என்று நாங்கள் கேட்கிறோம். கேட்பதற்கு ஒரு குழு. குழுவுக்குத் தலைவர் சம்பந்தி. சொந்தமாக அச்சாபீஸ் வைத்திருக்கிறவன், நோட்டீஸ் அடித்துத் தருகிறவன், அவன்தானே தலைவன்!

மார்ச் 5, புதன்

ஊர் மன்றத்தில் நாற்பது நாற்காலி போட்டேன். ஒன்றுக்குக் கால் ஆடும். அதைத் தலைவருக்குப் போட்டேன்.

மார்ச் 7, வெள்ளி

இன்றைக்கு என்ன ஆட்டம், என்ன ஆட்டம்!

கம்பெனியிலிருந்து ஒரு எஞ்ஜினீயர் விளக்கம் சொல்ல வந்தான். சின்ன வயசு. மன்றத்துக்குள்ளேயும் மஞ்சள் தொப்பியைக் கழற்றவில்லை. எங்கள் மேல் அவ்வளவு நம்பிக்கை.

"இந்த லைனால உங்களுக்கு ஒரு தொந்தரவும் வராதுங்க. மழை நாள்ல மட்டும் லேசா ஒரு சத்தம் கேட்கும். தேனீ பறக்குற மாதிரி."

நான் கடைசி வரிசையிலிருந்து, "எத்தனை தேனீ தம்பி?" என்றேன்.

"ஐயா?"

"ஒரு தேனீன்னா சமாளிச்சுக்கலாம். கூட்டோட வந்தா என்ன பண்றது?"

மன்றம் குலுங்கியது. தலைவர் திரும்பி முறைத்தார். முறைக்கும்போது நாற்காலி ஆடியது. அதனால் முறைப்பு சரியாக அமையவில்லை.

நாலாவது வீட்டுத் தையல்காரம்மா எழுந்தாள். கத்தரிக்கோல் மாதிரி பேச்சு. "அக்கரையில ஏன் போகலை? அதுக்கு பதில் சொல்லுங்க."

"அந்தப் பக்கம் ரோடு இல்லீங்கம்மா. டவர் சாமான் ஏத்தின லாரி போகணும்ல."

"லாரிக்கு வழியில்லைன்னு எங்க தலைக்கு மேல கொண்டு வர்றீங்களா?"

கைதட்டல். மஞ்சள் தொப்பி சுவரில் ஒட்டியிருந்த படத்தைக் காட்டினான். அரசாங்கத்துப் பழைய சர்வே படத்தின் மேலே சிவப்புக் கோடு. வாய்க்கால் பாலத்திலிருந்து எங்கள் வாசல் சர்வே கல் வரைக்கும் இருநூறு மீட்டர். பாலத்திலிருந்து நூற்றைம்பதாவது மீட்டரில் லைன். ஆக, லைனுக்கும் எங்கள் வாசலுக்கும் நடுவே ஐம்பது. "நாற்பது இருந்தாலே போதும்னு எங்க விதி. பத்து மீட்டர் தாராளமா விட்டிருக்கோம்" என்றான், ஏதோ அவன் வீட்டிலிருந்து எடுத்துக் கொடுத்தது போல.

எனக்குத் தாங்கவில்லை.

"தம்பி, உங்க வீட்டுக்கு மொட்டை மாடி இருக்கா?"

"இருக்குங்க."

"அண்ணாந்து பார்த்தா என்ன தெரியுது?"

"என்ன தெரியும்... வானம்தாங்க."

"எங்களுக்கும் அதையே விட்டுட்டுப் போயிடுங்களேன்."

 அப்புறம் விசில்! தையல்காரம்மா விசிலடிப்பாள் என்று யாருக்குத் தெரியும்? கட்டையன் சிரிக்கவில்லை. ஆனால் மீசை இரண்டு தடவை துடித்ததை நான் பார்த்தேன். போதும்.

மார்ச் 9, ஞாயிறு

நான் இன்றைக்கு ராஜா.

"படத்துல இருக்குறது இருக்கட்டும், நாமே அளந்து பார்ப்போம்" என்று யோசனை சொன்னது நான். சர்வே ஆபீஸில் முப்பத்தொரு வருஷம் அளவுச் சங்கிலி இழுத்தவன் இல்லையா! அளப்பது என்று வந்துவிட்டால் தலைவரும் கைகட்டி நிற்க வேண்டியதுதான். தையல்காரம்மா அவளுடைய டேப்பைக் கொண்டுவந்து நீட்டினாள். "அது ஜாக்கெட்டுக்கும்மா. நிலத்துக்குப் பத்தாது" என்றேன். கொத்தனாரிடம் ஐம்பது மீட்டர் டேப் வாங்கி வந்தோம்.

பாலத்துச் சுவரில் தொடங்கினோம். தொய்யாமல் இழு, குனிந்து பார், கல்லைச் சுற்றி வராதே, நேராகப் போ என்று நான் அதட்ட அதட்ட, பாதித் தெரு டேப்புக்குப் பின்னால் வந்தது. மூன்று டேப் முழுசாக முடிந்தது. அங்கேதான் லைன். நின்று பார்த்தால் எங்கள் மாடியில் காய்கிற என் சட்டையின் கிழிசல் தெரிகிறது! அங்கிருந்து வாசல் கல் வரைக்கும் முப்பதுதான். ஐம்பது இல்லை. முப்பது! மொத்தம் நூற்றெண்பது.

திரும்ப அளந்தோம். நூற்றெண்பது.

என்ன கூச்சல்! "படம் பொய்!" "கம்பெனிக்காரன் சுருட்டிட்டான்!" "அவன் விதிப்படியே அவன் இங்க வர முடியாது!" கட்டையன் ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டான். அவன் தலை என் நெஞ்சில் இடித்தது. "நெட்டை, பிழைச்சோம்டா" என்றான், மகள் பக்கத்தில் நிற்பதையும் மறந்து. அவள் வாயைப் பொத்திச் சிரித்தாள். எனக்கு வானத்தில் நடப்பது போல இருந்தது.

கம்பெனிக்காரன் எதற்கு இருபது மீட்டரைத் திருட வேண்டும்? படம் அவன் போட்டது இல்லையே, அரசாங்கத்துப் படம்.

மார்ச் 10, திங்கள்

இருபது மீட்டர். சரியாக ஒரு சங்கிலி.



மார்ச் 13, வியாழன்

கட்டையனும் நானும் பெரிய ஆபீசுக்குப் போனோம். மூன்றாவது மாடி. இருபதாம் தேதி ஜனங்கள் குறை கேட்கிற கூட்டத்தை நடத்தப்போகிற அதிகாரி ஒரு அம்மா. கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு எங்கள் மனுவைக் கடைசி வரி வரைக்கும் படித்தாள். அப்படிப் படிக்கிற ஆபீசரை நான் பார்த்ததில்லை.

"நீங்க டேப் பிடிச்சு அளந்தீங்க, சரி. நாளைக்கு இன்னொருத்தர் வேற டேப்பைப் பிடிச்சுட்டு வருவாரு. எனக்கு அரசாங்கப் படம்தான் சாட்சி. பழைய அளவுல இந்தக் குறை இருக்குன்னு ஒரு காரணம் காட்டுங்க. உடனே ஆளை அனுப்பி மறுபடி அளக்கச் சொல்றேன்."

"காரணம்னா?"

"அன்னைக்கு அளந்ததுல என்ன தப்பு நடந்துச்சுன்னு."

பஸ்ஸில் ஜன்னல் ஓரம் கட்டையன். இரண்டு டிக்கெட்டையும் மறுபடி மறுபடி எண்ணினான். அப்புறம் மெதுவாக, "நெட்டை, அந்தக் கோடு நாம அளந்ததுதானே?" என்றான்.

"எந்தக் கோடு?"

"நடிக்காதடா. பாலத்துலேர்ந்து உன் வாசக் கல்லு வரைக்கும். எனக்கு வேலை போன அன்னைக்கு அளந்த கோடு."

நான் கண்டக்டரைப் பார்த்தேன்.

"நான் ஒரு குச்சியைத் தொலைச்சேன்ல. அதனாலதான் கணக்கு புரண்டிருக்கும். கூட்டத்துல எழுந்து சொல்லிடறேன்."

"பைத்தியமா உனக்கு? அத்தனை பேர் முன்னாடி? தலைவர்னு மரியாதையா இருக்கே, அது பிடிக்கலையா?"

"மரியாதையை வச்சு என்னடா பண்றது? இருபத்திரண்டு வீடு இருக்கு."

மார்ச் 14, வெள்ளி

எழுதிவிடுகிறேன். 

சங்கிலி அளப்பது இரண்டு ஆள் வேலை. சங்கிலி இருபது மீட்டர். முன்னால் போகிறவன் கையில் பத்து இரும்புக் குச்சி இருக்கும். சங்கிலி விறைத்து நிற்கிற இடத்தில் ஒரு குச்சியைக் குத்துவான். பின்னால் வருகிறவன் அதைப் பிடுங்கிச் சேர்த்துக்கொண்டே வருவான். முன்னால் போகிறவன் கை காலியானதும் "பத்து!" என்று கத்துவான். பத்துச் சங்கிலி, இருநூறு மீட்டர் என்று சர்வேயர் நோட்டில் ஏற்றிக்கொள்வார். பின்னால் வந்தவன் குச்சியை எண்ணித் திருப்பிக் கொடுப்பான். அவ்வளவுதான் வித்தை.

முன்னால் நான். பின்னால் கட்டையன். நாற்பத்திரண்டு வருஷம் முந்தி. அவன் வேலைக்கு வந்து நாலு மாசம்தான். சூரியன் இன்றைக்கு மேற்கே உதித்தது என்றாலும் நம்புவான். பாலத்தடியில் தொடங்கும்போதே ஒரு குச்சியை நான் புதருக்குள் செருகிவிட்டேன். எதற்கு? சும்மாதான். கடைசியில் எண்ணும்போது ஒன்று குறையும், கட்டையன் முழிப்பான், தேடிக்கொண்டு ஓடுவான், நான் வயிறு வலிக்கச் சிரிக்கலாம். வேறு ஒன்றுமே இல்லை.

கையில் ஒன்பதுதான் இருந்தது. ஒன்பதாவதை வாசல் கல்லோரம் குத்தினேன். கை காலி. உடனே "பத்து!" என்று கத்திவிட்டேன். வாய்ப் பழக்கம். சங்கிலி இழுக்கிறவனுக்குக் கை காலியானால் வாய் பத்து என்றுதான் சொல்லும். அதை மூளையிடம் கேட்பதில்லை. சர்வேயர் எழுதிவிட்டார்.

கட்டையன் எண்ணினான். ஒன்பது. திரும்ப எண்ணினான். "தொலைச்சிட்டியாடா?" என்று முதலில் கேட்டதே நான்தான். அந்த வெயிலில் குனிந்த தலை நிமிராமல் பாலம் வரைக்கும் தேடிக்கொண்டு போனான். நான் இங்கே நின்று சிரித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் சர்வேயர் கவனித்துவிட்டார். ஆபீஸ் சாமானைத் தொலைக்கிறவன் நாளையிலிருந்து வர வேண்டாம் என்றுவிட்டார்.

சொல்லியிருக்கலாம்ல? ஐயா, நான்தான் ஒளிச்சு வச்சேன், விளையாட்டுக்கு. ஒரு வாக்கியம். வரலையே. என்னையும் போகச் சொல்லிருவாரோன்னு பயம். மறுநாள் குச்சியை எடுத்துட்டு வந்து கிடைச்சிருச்சுன்னு சொல்லலாம்னு போனேன். வாய்க்கால்ல தண்ணி திறந்து விட்டிருந்தாங்க. புதரையே காணோம்.

அவன் அச்சாபீஸில் கூலிக்குச் சேர்ந்தான். அங்கேயே முன்னுக்கு வந்தான். நாங்கள் சம்பந்தி ஆனோம். இதில் பெரிய கொடுமை என்ன தெரியுமா? நாற்பத்திரண்டு வருஷமாக "குச்சி தொலைச்சவனே" என்று அவனைக் கேலி செய்துகொண்டிருக்கிறேன். கல்யாணப் பந்தியில்கூட. ஒளித்து வைத்தது நான். கேலி செய்வதும் நான்.

இப்போது அவன் எழுந்து நின்று, நான் தொலைத்தேன் என்று சொல்லப்போகிறான். சொன்னாலும் பிரயோஜனம் இல்லை! பிடுங்கிய குச்சியை அவன் வழியில் தொலைத்திருந்தால், நான் குத்தியது பத்து, அளவு சரி. நான் ஒளித்திருந்தால்தான் குத்தியது ஒன்பது, அளவு தப்பு. சங்கிலி தெரிந்த எவனும் ஒரே நிமிஷத்தில் இதைச் சொல்லிவிடுவான். கட்டையன் மானமும் போகும், வீடும் போகும்.

இருபத்திரண்டு வீட்டைக் காப்பாற்றுகிற தப்பு என்னிடம் மட்டும்தான் இருக்கிறது.

மார்ச் 16, ஞாயிறு

சொல்லிவிடுவது என்று அச்சாபீசுக்குப் போனேன். மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. "கட்டையா, ஒரு விஷயம்" என்றேன். "சத்தமா சொல்லு!" என்றான். இதைச் சத்தமாக எப்படிச் சொல்வது? "ஒரு விஷயம்!" என்று கத்தினேன். "என்ன விஷயம்!" என்று அவனும் கத்தினான். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அப்படியே கத்திக்கொண்டிருந்தோம். அவன் மிஷினை நிறுத்தினான். திடீரென்று அமைதி. அவன் கையெல்லாம் மை. மூக்கிலும் மை.

"மூக்குல மை இருக்கு" என்றேன்.

"அதைச் சொல்லவா வெயில்ல வந்தே? போடா, வேலை இருக்கு."

வந்துவிட்டேன்.

மார்ச் 19, புதன்

நாளைக்குக் கூட்டம். மருமகள் அவள் அப்பாவின் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே, "எங்கப்பா தைரியத்தைப் பாருங்க மாமா. தன் தப்பை ஊருக்கு முன்னாடி சொல்ல எத்தனை பேர் முன்வருவாங்க?" என்றாள்.

"யாரும் வரமாட்டாங்க" என்றேன்.

மார்ச் 20, வியாழன்

முடிந்தது.  வரிசையாக எழுத முயற்சி செய்கிறேன்.

மன்றம் நிரம்பி வாசல் வரைக்கும் ஆள். மேடையில் அதிகாரியம்மா. அவள் மேஜையில் பழைய சர்வே நோட்டுகள் ஒரு அடுக்கு. கட்டையனுடைய மனுவைப் படித்தபோதே வரவழைத்திருக்கிறாள். ஒரு பக்கம் மஞ்சள் தொப்பி. இன்றைக்குத் தொப்பி இல்லை, முன் மண்டையில் முடியும் இல்லை. ஆளுக்கு மூன்று நிமிஷம். முடிந்தால் மணி அடிப்பார்கள். பேசுகிறவர்கள் பட்டியலில் என் பெயர் கிடையாது. தலைவர் உத்தரவு. எனக்கு நாற்காலி, மைக், தண்ணீர்.

தையல்காரம்மா பேசினாள், மணி அடித்த பிறகும் பேசினாள். அடுத்துக் கட்டையனைக் கூப்பிட்டார்கள். இஸ்திரி போட்ட சட்டையோடு எழுந்தான். உள்ளங்கையில் ஒரு தாளை மடித்து வைத்திருந்தான். 

மைக் கரகரத்தது. "பெரியவரே, அதைக் கொஞ்சம் பாருங்க" என்றார்கள். போய்ப் பார்த்தேன். ஹலோ சொல்லிப் பார்க்கச் சொன்னார்கள். சொன்னேன். ஹலோவோடு நிற்கவில்லை.

"ஹலோ. அம்மா, அந்தக் குச்சியை இவரு தொலைக்கலை. நான் ஒளிச்சு வச்சேன்."

"சம்பந்தி, என்ன இது, கீழ இறங்குங்க" என்றான் கட்டையன் பல்லுக்குள்.

இறங்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். சங்கிலி, பத்துக் குச்சி, புதர், ஒன்பதில் கை காலியானது, பத்து என்று கத்தியது, இவன் வெயிலில் தேடிக்கொண்டு போனது, நான் சிரித்தது. முதலில் ஜனங்கள் சிரித்தார்கள், வழக்கமான கிழவன் கூத்து என்று நினைத்து. போகப் போக நின்றுவிட்டது. நான் பேசி யாரும் சிரிக்காமல் இருந்தது எனக்கு நினைவு தெரிந்து இதுதான் முதல் தடவை. மணி அடித்தார்கள். "அடிங்க, இன்னும் இருக்கு" என்று தொடர்ந்தேன்.

மஞ்சள் தொப்பி எழுந்தான். "மேடம், நாற்பத்திரண்டு வருஷம் மறைச்ச ஒருத்தர் இன்னைக்குச் சொல்றதை எப்படி நம்புறது?"

நியாயமான கேள்விதான். "தம்பி, பொய் சொல்றவன் தனக்கு நல்ல பேர் வர்ற மாதிரி சொல்லுவான். நான் சொன்னதுல எனக்கு என்ன நல்ல பேர் இருக்கு, நீயே காட்டு. எடுத்துக்கிட்டுப் போறேன்."

அவன் உட்கார்ந்துவிட்டான்.

அதிகாரியம்மா நோட்டைப் புரட்டிக்கொண்டே இருந்தாள். ஒரு பக்கத்தில் விரல் நின்றது. வாய்விட்டுப் படித்தாள்: "சங்கிலி பத்து. குச்சி எண்ணியதில் ஒன்பது. உதவியாள் ஒருவன் நிறுத்தப்பட்டான்." கீழே அந்தச் சர்வேயரின் கையெழுத்து.

கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தாள். "எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவீங்களா?"

"தர்றேன்மா."

"மறுபடி அளக்க உத்தரவு போடறேன். அதுவரைக்கும் லைன் வேலை எதுவும் நடக்கக் கூடாது."

மன்றம் கிழிந்தது! விசில், கைதட்டல், யாரோ என்னைத் தூக்கப் பார்த்தார்கள். நாற்காலிகள் விழுந்தன. என் நாற்காலிகள்! நான் கட்டையனைத் தேடினேன். கைதட்டுகிற கூட்டத்துக்கு நடுவில் அவன் ஒருத்தன் மட்டும் உட்கார்ந்திருந்தான். கையில் அந்தத் தாளை மடித்தான், பிரித்தான், மடித்தான். "உதவியாள் ஒருவன்" என்று மட்டும் முணுமுணுத்தான். அன்றைக்கு அவனுக்கு இருபத்து நாலு வயசு.

என் பக்கம் திரும்பவே இல்லை.

மார்ச் 21, வெள்ளி

மருமகள் டீயை மேஜையில் வைத்துவிட்டு வேலைக்குப் போனாள். "மாமா" என்று கூப்பிடவில்லை.

மார்ச் 23, ஞாயிறு

தெருவில் போகிறவனெல்லாம் கும்பிடு போடுகிறான். தையல்காரம்மா சட்டைக் கிழிசலைத் தானே வாங்கித் தைத்துக் கொடுத்தாள். இருபது வீட்டில் எனக்கு நாற்காலி போடுகிறார்கள். எட்டாவது வீட்டைத் தாண்டும்போது மட்டும் செருப்புச் சத்தம் கேட்காமல் நடக்கிறேன். திருடன் மாதிரி.

மார்ச் 26, புதன்

உத்தரவு வந்துவிட்டது! ஏப்ரல் மூன்றாம் தேதி காலை அளக்க வருகிறார்கள்!

அச்சாபீஸிலிருந்து நோட்டீஸ் வீடு வீடாக வந்தது. "குழு உறுப்பினர் ஒருவர் அளித்த தகவலின் பேரில்" என்று போட்டிருக்கிறான். உறுப்பினராம்! நாற்காலி தூக்குகிறவன் உறுப்பினர் ஆகிவிட்டேன். ஆனால் 'ஒருவர்'. அவனை 'ஒருவன்' என்று எழுதின நோட்டுக்குப் பதிலோ என்னவோ. மரியாதையாகத்தான் போட்டிருக்கிறான். அந்த மரியாதைதான் குத்துகிறது. அதற்கு நாலு கெட்ட வார்த்தை அச்சடித்து அனுப்பியிருக்கலாம்.

மார்ச் 30, ஞாயிறு

மருமகள் வாயைத் திறந்தாள். துணி மடித்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல்.

"எங்கப்பா எதையும் மூணு தடவை எண்ணுவாரு மாமா. வீட்டுச் சாவியை, பஸ் டிக்கெட்டை, வந்த விருந்தாளியைக்கூட. சின்ன வயசுல நாங்க எல்லாரும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம். ஏன்னு இப்பதான் தெரியுது."

  அவள் மடித்த துணியில் பாதியை என் கையில் கொடுத்து, "அலமாரியில வையுங்க" என்றாள். வைத்தேன். மாமா என்று சொல்லிவிட்டாளே!

ஏப்ரல் 3, வியாழன்

காலை எட்டு மணிக்கெல்லாம் வந்துவிட்டார்கள். மூன்று கால் வைத்த கருவி. பாலத்தில் ஒருத்தன் கண்ணை வைத்துப் பார்க்கிறான், எங்கள் வாசல் கல்லில் இன்னொருத்தன் கண்ணாடி பதித்த கோலைப் பிடிக்கிறான், நடுவில் யாரும் நடக்கவே வேண்டாம், எண் வந்து விழுகிறது. இந்தக் கருவி அன்றைக்கு இருந்திருந்தால் எனக்குச் சேட்டை பண்ண இடமே இருந்திருக்காது.

நூற்றெழுபத்தொன்பது புள்ளி எட்டு!

தெருவே கத்தியது. அதிகாரியம்மா கத்தவில்லை. ஆனால் எழுதும்போது உதட்டோரம் லேசாக ஏறியது. இக்கரையில் இந்த இடத்தில் லைன் போக முடியாது, அக்கரைக்கு வழி போட்டுத் திட்டத்தைத் திருத்திக் கொண்டுவரச் சொல்லி எழுதுகிறேன் என்றாள். மஞ்சள் தொப்பி என்னிடம் வந்து, "ஐயா, நீங்க எங்க ஆபீஸ்ல வேலைக்கு வந்திருந்தா நாங்க உருப்பட்டிருப்போம்" என்றான். "உருப்பட்டிருக்க மாட்டீங்க தம்பி, ஒண்ணொண்ணா ஒளிச்சு வச்சிருப்பேன்" என்றேன். சிரித்தான். நல்ல பையன்தான்.

"பழைய அளவு கையால அளந்தது. அதனால கையாலயும் ஒரு தடவை அளந்து பக்கத்துல எழுதிக்கலாம்" என்றாள் அதிகாரியம்மா. பாலத்தடியில் முப்பது மீட்டர் இரும்பு டேப்பைக் கொடுத்தார்கள். இரண்டு ஆள் வேண்டும். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சரி, ஒருத்தன் நான். இன்னொருத்தன்? கொத்தனார் கையை நீட்டினார்.

அதற்குள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவன் வந்தான். இரண்டு வாரமாகக் கண்ணில் படாதவன். சவரம் செய்திருந்தான். கொத்தனார் கைக்கும் டேப்புக்கும் நடுவில் தன் கையை விட்டு, டேப் முனை வளையத்தைப் பிடித்துக்கொண்டான்.

 இரண்டு வாரமாக மனசுக்குள் ஓட்டிப் பார்த்து வைத்திருந்த வார்த்தைகள் எல்லாம் முட்டிக்கொண்டு வந்தன. எங்கே தொடங்குவது?

"கட்டையா, அன்னைக்கு நான் பண்ணது—"

"இன்னைக்கு முன்னால நான் போறேன்" என்றான். "நீ பின்னால வா. நீ எண்ணு."

"எண்ணுறேன்டா. எண்ணுறேன். ஆனா ஒண்ணு மட்டும் சொல்லிடறேன், அந்த வெயில்ல நீ குனிஞ்சுக்கிட்டே போனியே, அப்ப நான்—"

டேப் என் விரலை உரசிக்கொண்டு ஓடியது. அவன் ஏற்கனவே பத்தடி போயிருந்தான். குட்டைக் கால், வேக நடை, நேராக எங்கள் வாசலைப் பார்த்து. திரும்பவில்லை. நான் மறுமுனையைப் பாலத்துச் சுவரில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, முதல் இழுப்புக்காகக் காத்திருந்தேன்.